ஐப்பசி பத்தாம் தேதித் தேர்வு

குறுக்காற்றின் தென்கரையில் மிருகங்களுக்கு ஒரு கல்லூரி இருந்தது. தேர்வு எழுத ஒரே ஒரு குகை. யார் எந்த நாளில் எழுத வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஆமையார். நாற்பது வருஷமாக அவர்தான் தேர்வு அதிகாரி. ஒரு முறை போட்ட அட்டவணையை அவர் மாற்றியதே இல்லை. அதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அவர் அட்டவணை போடும் விதமே தனி. மூலிகைத் துறைக்கும் மண்ணியல் துறைக்கும் செய்முறைத் தேர்வு உண்டு என்பதால் நல்ல நாட்களை அவற்றுக்குக் கொடுத்துவிடுவார். மிருகங்கள் எப்படிக் கூடி வாழ்கின்றன என்று படிக்கும் முதுகலைச் சமூகவியலுக்கு மிச்சம் மீதிதான். வெறும் எழுத்துத்தானே, எப்போது வைத்தால் என்ன என்பது அவர் எண்ணம். அந்த வருஷம் அவர்களுடைய கடைசித் தாள் ஐப்பசி பத்தில் போய் விழுந்தது.

அட்டவணையைப் பார்த்ததும் ஒரு சருகுமான் அவரைத் தேடி வந்தது. முயல் அளவே இருக்கும் சின்ன மான். வடகரைக் காட்டிலிருந்து ஆற்றைக் கடந்து வந்து படிக்கிறவள். அவள் இனத்தில் முதுகலை வரை வந்தவள் அவள் ஒருத்திதான். கடைசித் தாளைத் தவறவிட்டால் முழுசாக ஒரு வருஷம் போய்விடும்.

"ஐயா, ஆய்வுக்காகக் கரையெல்லாம் சுத்தினேன். தூக்கணாங்குருவிங்க இந்த வருஷம் எப்பவும் கட்டுறதைவிட ரெண்டு முழம் உயரத்துல கூடு கட்டியிருக்கு. பத்தாம் தேதிக்குள்ள வெள்ளம் வந்துரும். எங்களால கடக்க முடியாதுங்க."

"கூடு கட்டுறது குருவி. அட்டவணை போடுறது நான்" என்றார் ஆமையார்.

புரட்டாசி இருபத்தாறில் குகை சும்மாதானே கிடக்கிறது, அன்றைக்கு வைக்கலாமே என்று அவள் கேட்டாள். அதையும் பார்த்து வைத்திருந்தாள் பாவி மகள்.

"அது இடைவெளிம்மா. அங்கங்க இடைவெளி இருந்தாத்தான் அட்டவணை பார்க்க லட்சணமா இருக்கும்."

அவள் தலைகுனிந்து போனாள். அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் ஒருத்திக்கு மாற்றினால் நாளைக்கு ஊரே வந்து நிற்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஐப்பசி எட்டில் பிடித்த மழை விடவில்லை. பத்தாம் தேதி காலையில் ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது. ஆமையார் கரையோரமாகச் சுகமாக நீந்திக் குகைக்கு வந்தார். தண்ணீரைக் கண்டு பயப்பட இதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

முப்பது இடங்களில் மூன்றுதான் நிரம்பியிருந்தன. ஒரு தவளை, ஒரு நண்டு, ஒரு நீர்நாய். ஆமையார் நேரத்துக்குக் கேள்வித்தாளைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் பார்த்த நீர்நாய் எழுந்து நின்றது.

"ஐயா, சருகுமான் ஆத்துல இறங்கிட்டா. நான் போய்க் கூட்டிட்டு வந்துரட்டுமா?"

"வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டேன். அதான் விதி."

நீர்நாய் ஆற்றைப் பார்த்தது. தாளைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கியது.

அரை மணி நேரம் ஆனதும் ஆமையார் சருகுமானின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று கீறினார்.

தேர்வு முடிந்து திரும்பும்போது நாணல் புதரில் அவள் உயிரில்லாமல் சிக்கிக் கிடந்தாள். பல்லிடுக்கில் தேக்கிலை ஹால் டிக்கெட். அதில் அவருடைய கையெழுத்தில் தேதி அழியாமல் இருந்தது. ஆமையார் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார். உள்ளேயும் அந்தத் தேதிதான் தெரிந்தது.

வரமுடியாதவர்களுக்கு மறுதேர்வு வைக்கும்படி கல்லூரி சொன்னது. ஆமையார் அட்டவணை கீறியிருந்த மருதமரத்துப் பட்டையில் பழைய தேதியைச் சுரண்டிவிட்டுத் தை மாதத்தில் ஒரு நாளைக் கீறினார். ஒரு நெல்லிக்காய் தின்னும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று வாய்விட்டு அழுதார். கேட்க அங்கே யாரும் இல்லை.

அடுத்தவர் வரவேண்டிய நாளைக் குறிக்கிறவர், அவர்கள் வரவேண்டிய வழியையும் அவர்கள் காலால் நடந்து பார்த்த பிறகே குறிக்க வேண்டும்.