சேர்மனுக்காக நடந்த கால்கள்

எங்கள் ஊர்ச் சேர்மன் வேலாயுதப்பெருமாள் தின்பதையும் கொட்டாவி விடுவதையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருந்தார். அவர் நேர்ந்துகொண்ட மொட்டையைக்கூட எடுபிடி இசக்கிதான் போட்டுக்கொண்டான்.

சேர்மனுக்குச் சர்க்கரை ஏறியது. "தினமும் பத்தாயிரம் அடி நடங்க. நடந்தாத்தான் தசை ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்து எரிக்கும்" என்று சொல்லி, அடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டார் டாக்டர் ஜெபராணி.

வீட்டுக்கு வந்ததும் சேர்மன் அதை இசக்கி கையில் மாட்டினார். "ஏல, மூணு மாசத்துல என் சர்க்கரை இறங்கலைன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

இசக்கி ஊரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அவன் தொப்பை கரைந்து தொடை இறுகியது. சேர்மன் ஈஸிசேரில் சாய்ந்து அல்வா தின்றார்.

மூன்று மாதம் கழித்து இசக்கியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்ப் பார்த்தால், கடிகாரத்தில் ஒன்பது லட்சம் அடி. ரத்தத்தில் முன்னைவிட அதிகச் சர்க்கரை. டாக்டர் குழம்பிப்போய், "இனிமே ஊசிதான்" என்றார்.

சேர்மன் அங்கேயே இசக்கி மேல் பாய்ந்தார். "ஒழுங்கா நடந்தியால நீ?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நடந்தேன் அய்யா. மொட்டையில ஆள் மாறினதைச் சாமி கண்டுக்கலை. இந்தச் சர்க்கரைதான் கண்டுபிடிச்சிட்டுது" என்ற இசக்கி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டாக்டரிடம் போனான்.

"வழக்கப்படி ஊசியையும் எனக்கே போட்டுருங்கம்மா."