இடது முன் சக்கரத்தில் இருவர்

கோவில்பட்டியில் அய்யாத்துரை என்பவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் இடது முன் சக்கரத்துக்கு மேலே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ஷாக் அப்சார்பரும் பதினான்கு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தன.

ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைச் சுமக்கும். ஷாக், அதன் வளையங்களுக்கு நடுவே ஒல்லியாக நின்றுகொண்டு, அது துள்ளும்போது பிடித்து நிறுத்தும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கும், பிறகு எழும். ஷாக் தன் வயிற்றில் இருக்கும் எண்ணெயை ஒரு சின்னத் துளை வழியாகத் தள்ளித் தள்ளி அந்த எழுச்சியை மெதுவாக்கிவிடும். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏதோ ஒரு பள்ளம் வந்து போனது என்பது மட்டும் தெரியும்.

அய்யாத்துரை கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்த நாட்களில் மண்டப வாசல்களில் நிற்கும் கார்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. தன் வண்டியும் தரையோடு படுத்த மாதிரி தாழ்ந்து நிற்க வேண்டும். உயரம் குறைந்த புது ஸ்பிரிங் நான்கை வரவழைத்து, மெக்கானிக் செய்யதுவின் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

செய்யது ஸ்பிரிங்கைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “மாட்டிரலாம் அண்ணாச்சி. ஆனா ஸ்பிரிங்க மட்டும் மாத்துனா பத்தாது. இது கட்டையா இருக்கு, இறுக்கமும் ஜாஸ்தி. பழைய ஷாக்கு இதப் பிடிச்சு நிறுத்தாது. அதையும் சேத்து மாத்திருவோம்.”

“ஷாக்குல எண்ணெய் கசியுதா பாய்?”

“இப்ப இல்ல.”

“பின்ன என்ன? ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

“ஓடும். எத்தன நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. குழியப் பாத்துப் போங்க.”

பழைய ஸ்பிரிங் கழன்று வந்தது. போகிற போக்கில் அது ஷாக்கிடம், “உனக்கு நான் நிறையத் தொல்லை கொடுத்துவிட்டேன்” என்றது.

“நீ துள்ளியதால்தானே எனக்கு வேலை இருந்தது?” என்றது ஷாக். “பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் வேண்டாதவனாக நின்றதில்லை. அதற்கு உனக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.”

அந்த இடத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிய புது ஸ்பிரிங் வந்தது. வண்டி இரண்டு அங்குலம் இறங்கியது. இத்தனை நாள் நிமிர்ந்து நின்ற ஷாக், இனி எந்நேரமும் முழங்காலை மடித்துக் குந்தியபடியே வேலை செய்ய வேண்டியதாயிற்று. அய்யாத்துரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

புது ஸ்பிரிங்குக்கு வலு அதிகம். அமுங்கினால் அமுங்கிய வேகத்தில் எழும். எழும்போதெல்லாம் யாரோ இடுப்பைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் அது கேட்டேவிட்டது.

“ஏன் ஒவ்வொரு தடவையும் என்னைப் பிடித்து இழுக்கிறாய்?”

“நீ எழுந்தால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. மறுபடி விழுகிறாய், மறுபடி எழுகிறாய்.”

“எழுவது என் சுபாவம். இந்த வண்டியை நான் சுமக்கிறேன். நீ எவ்வளவு சுமக்கிறாய்?”

“ஒன்றுமே இல்லை” என்றது ஷாக். “நீ விலகினால் காலி வண்டியைக்கூட என்னால் தாங்க முடியாது. நீ சுமக்கிறாய். அது எனக்குத் தெரியும்.”

சண்டைக்குத் தயாராக இருந்த ஸ்பிரிங்குக்கு அந்தப் பதில் ஏமாற்றமாக இருந்தது. சுமக்காதவனுக்கு இங்கே என்ன இடம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஷாக்கின் கழுத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம், இவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங்கை இழுத்து இழுத்தே தேய்ந்தது. ஒரு நாள் அதில் மெல்லிய கீறல் விழுந்தது. எண்ணெய் வியர்வை போலக் கசியத் தொடங்கியது. ஷாக் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அய்யாத்துரையின் மனைவி கோமதி, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். இடது கால் மரத்துப்போனது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. எட்டு நாள் அய்யாத்துரை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஐந்தாம் நாள் அவள் கால் பெருவிரலை அசைத்தபோது, அந்த விரலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்தார்.

ஒன்பதாம் நாள் காலை டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். “முன் சீட்டை நல்லாச் சாச்சுப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. குலுக்கல் மட்டும் ஆகவே ஆகாது. தையல் இன்னும் பச்சையாத்தான் இருக்கு.”

கோமதி முன்பக்கம், இடது சீட்டில் படுத்துக்கொண்டாள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் இருந்தது அவள் கால்மாட்டில்தான். மருத்துவமனை வாசலில் வண்டி எட்டு நாளாக நின்ற இடத்தில் ஷாக் சிந்திய எண்ணெய் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கறையாகியிருந்தது. அங்கே அப்படிப் பல கறைகள் இருந்ததால் அய்யாத்துரை கவனிக்கவில்லை.

நான்குவழிச் சாலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் தளம் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு. அந்த மேட்டுக்கே வண்டி இரண்டு முறை ஆடி எழுந்தது. திருமங்கலம் தாண்டியதும் கோமதி முனகினாள்.

“ஏங்க, கொஞ்சம் மெதுவா.”

“மெதுவாத்தான் போறேன் கோமு. ரோடு நல்லாத்தான் இருக்கு. வண்டி ஏன் இப்படி ஆடுதுன்னு தெரியல.”

அந்த முனகல் கீழே ஸ்பிரிங்குக்குக் கேட்டது. வழக்கமாக மேலிருந்து சிரிப்பும் பாட்டும்தான் அதற்குக் கேட்கும். அடுத்த பாலத்தில் மறுபடி அது எழுந்தது. மறுபடி முனகல் கேட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது.

“நான் எழுவதால்தானே அந்த அம்மாவுக்கு வலிக்கிறது?” என்று அது ஷாக்கிடம் கேட்டது.

“ஆமாம்.”

“நான் எழாமல் இருந்துவிடவா?”

“உன்னால் முடியாது. நீ எழாவிட்டால் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். நீ எழு. நான் பிடித்துக்கொள்கிறேன்.”

“இன்றைக்கு உன் பிடி தளர்ந்திருக்கிறது.”

“எண்ணெய் குறைந்துவிட்டது” என்றது ஷாக்.

“எவ்வளவு இருக்கிறது?”

“கால்வாசி இருக்கும். வீடு வரை போதுமா தெரியவில்லை.”

ஸ்பிரிங் முதன்முறையாக ஷாக்கை நன்றாகப் பார்த்தது. அதன் உடல் முழுக்க எண்ணெயும் தூசியும் அப்பியிருந்தன. தொட்டால் சுடும் சூடு.

“இவ்வளவு சூடு ஏன்?”

“நீ எழும் வேகம் எங்கேயாவது போக வேண்டுமே. அதை நான் சூடாக வாங்கிக்கொள்கிறேன். மேலே போகாமல் இருந்தால் போதும்.”

இரண்டு மாதமாகத் தன்னை அடக்க வந்தவன் என்று ஸ்பிரிங் நினைத்திருந்த ஷாக், அதன் முரட்டுத்தனத்தையெல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

விருதுநகர் போனது, சாத்தூர் போனது. பாலம் வரும்போதெல்லாம் ஷாக் மிச்சமிருந்த எண்ணெயைச் சேர்த்துப் பிடித்துத் தள்ளியது. கோமதி அரைத் தூக்கத்தில் இருந்தாள். கோவில்பட்டியில் சாலையை விட்டு இறங்கி, அவர்கள் குடியிருக்கும் பகுதிக்குத் திரும்பியபோது உச்சி வெயில். அங்கே எட்டு நாளில் எல்லாம் மாறியிருந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெரு நெடுகத் தோண்டி, அரைகுறையாக மூடியிருந்தார்கள். வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. வேறு வழி கிடையாது.

முதல் குழியில் ஷாக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. மூன்றாவதில் ரப்பர் வளையம் முழுவதும் கிழிந்து, மிச்ச எண்ணெய் மண்ணில் கொட்டியது.

“இனி என்னிடம் ஒன்றும் இல்லை” என்றது ஷாக். “நீ நல்ல ஸ்பிரிங். அவர்களைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்.”

ஸ்பிரிங் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான்காவது குழி வந்தது. பிடிக்க ஆளில்லாமல் அது எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. கோமதி வீறிட்டாள். அய்யாத்துரை வண்டியை நிறுத்தினார்.

அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. “இதுக்கு மேல முடியாதுங்க” என்றாள்.

அய்யாத்துரை இறங்கி முன்பக்கத்தை ஒரு அழுத்து அழுத்தலாம் என்று கையை வைத்தவர், அவள் உள்ளே இருக்கிறாளே என்று கையை எடுத்துக்கொண்டார். சக்கரத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. உடனே செய்யதுவுக்குப் போன் போட்டார்.

“பாய், நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான் கேக்கல. கோமதி வண்டியில இருக்கா. அசைக்க முடியல.”

“எங்க நிக்கிறீங்க? அங்கயே இருங்க. தங்கச்சியத் தூக்கிக் கீக்கிப் புடாதீங்க.”

செய்யது பத்து நிமிடத்தில் பைக்கில் வந்தார். குனிந்து பார்த்தார். ஷாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோமதியிடம் போய், “இன்னும் கொஞ்ச தூரந்தான் தங்கச்சி. நான் முன்னால நடக்கேன். ஒரு குழிகூட உங்களுக்குத் தெரியாது” என்றார்.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கேட்டு இரண்டு சாரப் பலகைகளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். வண்டிக்கு முன்னால் நடந்தார். குழி வரும்போது கையை உயர்த்துவார், வண்டி நிற்கும். பலகைகளைக் குறுக்கே போட்டு, சக்கரம் ஏறும் இடத்தைக் கையால் காட்டுவார். வண்டி தாண்டியதும் பலகைகளை எடுத்துக்கொண்டு மறுபடி முன்னால் ஓடுவார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஸ்பிரிங் அந்த முக்கால் மணி நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு மெல்ல எழ முடியுமோ அவ்வளவு மெல்ல எழுந்தது. வெளியே நடக்கும் மனிதரைப் பார்த்தது. அவரும் எதையும் சுமக்கவில்லை, பலகைகளைத் தவிர. ஆனால் அவர் இல்லாமல் யாரும் வீடு போய்ச் சேரமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்தது.

வாசலில் அய்யாத்துரையும் செய்யதுவும் சேர்ந்து கோமதியைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். தையல் பிரியவில்லை. அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். எல்லாம் அசைந்தன.

“இந்த வெயில்ல எனக்காக நடந்தீங்களே அண்ணே” என்றாள்.

“நடந்ததுல என்னம்மா இருக்கு?” என்று செய்யது சிரித்தார். “கொத்தனார் பலகைய வச்சுக்கிட்டு வந்துட்டேன். கொண்டுபோய்க் குடுக்கணும்.”

அய்யாத்துரை ஒரு சொம்பு மோரோடு வந்தார். கொடுத்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றார். செய்யது குடித்து முடித்ததும், சொம்பை வாங்குவது போல அவர் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“பழைய ஸ்பிரிங்கையே போட்டிருங்க பாய். என் ஆசையால வந்த வினை.”

“ஸ்பிரிங் மேல தப்பில்ல அண்ணாச்சி. அதுக்குத் தோதான துணையக் குடுக்காம விட்டோம், அதான். இந்த உயரத்துக்குன்னே ஷாக்கு இருக்கு. நாலும் வரச் சொல்லுதேன்.”

நான்காம் நாள் புது ஷாக்குகள் வந்தன. செய்யது பழைய ஷாக்கைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் தண்டைக் கையால் அழுத்தினார். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது.

“இது மதுரையிலயே தீந்திருக்கணும்” என்றார் செய்யது. “எப்படித்தான் இவ்வளவு தூரம் வந்துச்சோ.”

அய்யாத்துரை குனிந்து அதை எடுத்தார். கை முழுக்கக் கரியும் எண்ணெயுமானது. அதைத் துணியால் துடைத்து ஓரமாக, யாரும் மிதிக்காத இடத்தில் வைத்தார்.

ஸ்பிரிங்கும் கழன்று அதனருகில்தான் கிடந்தது. “நன்றி” என்றது. பதில் இல்லை. இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னது. அப்போதும் பதில் இல்லை.

பிறகு செய்யது ஸ்பிரிங்கை எடுத்தார். அதன் வளையங்களுக்கு நடுவே, கறுப்புச் சாயம் மின்ன, புது ஷாக் வந்து நின்றது. கொஞ்சம் கூச்சத்தோடு அது ஸ்பிரிங்கைப் பார்த்தது.

“உங்களுக்கு வலு அதிகம் என்றார்கள்” என்றது.

“நன்றி” என்றது ஸ்பிரிங்.

புது ஷாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. “எதற்கு? நான் இன்னும் எதுவும் செய்யவில்லையே.”

“இப்போதே சொல்லிவிடுகிறேன்” என்றது ஸ்பிரிங். “செய்து முடித்த பிறகு சொன்னால் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.”