பத்தாயத்துக்குப் பின்னாடி ஒரு கை இடம்

பூசணத்துக்கும் வாய் இருந்த அந்தக் காலத்துல, அது ரொம்ப மரியாதைக்காரன். கறுப்புக் கம்பளித் துண்டு மாதிரி ஒரே உடம்பா இருக்கும். வாசல்ல நின்னு, "ஈரம் இருக்கா தாயி?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரும். போகச் சொன்னா போயிடும்.

ஐப்பசி அடைமழையில குமுதவல்லி வீட்டு ஓடு ஒழுகி, மேற்குச் சுவர் ஊறிப்போச்சு. பூசணம் வந்து கேட்டுச்சு. சுவர்ல தண்ணி வழியுறப்போ இல்லைன்னு சொல்ல அவளுக்கு வாய் வரல. அது மூலையில ஒட்டிக்கிச்சு. கொஞ்ச நாள்ல கைக்குழந்தைக்கு இளைப்பு. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ள விசில் சத்தம்.

"எங்க அக்கா நம்ம பிள்ளையப் பாக்க வருது. இந்தச் சுவரைப் பாத்துச்சுன்னா மானம் போச்சு"ன்னான் புருஷன் சொக்கநாதன்.

"ஓட்டை மாத்துங்க. அது தானாப் போயிடும்."

"மழை விடட்டும்டி."

ஓட்டுக்கு மழை விடணும். பத்தாயத்தைத் தள்ள மழை விட வேணாமே. நெல்லு கொட்டி வெக்கிற அந்த மரப் பத்தாயத்தை நகட்டிச் சுவரோட ஒட்டிப் போட்டு மறைச்சான். காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல. பூசணம் பின்னாடி சொகமா வளந்துச்சு. குழந்தைக்கு உதட்டோரம் நீலம் பாஞ்சுச்சு.

அதைப் பாத்ததும் குமுதவல்லி தம் கட்டிப் பத்தாயத்தை இழுத்தா. சுவர் முழுக்கக் கறுப்பு. அந்நேரம் பாத்துத் தெருவுல நாத்தனார் குரல். அவசரமா கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு வெளக்குமாத்தை எடுத்தா.

"தாயி, காஞ்ச வெளக்குமாத்தால அடிக்காத. உதிர்ந்துடுவேன்"னு பூசணம் பதறுச்சு. "ஜன்னலைத் திற. பிள்ளைய வெளிய கொண்டு போ. ஈரத்துணியால ஒத்தி எடு, போயிடுறேன்."

"இத்தனை நாள் ஏன் போகல?"

"நீ எங்க போகச் சொன்ன? மறைச்சுல்ல வெச்சீங்க."

கதவு தட்டுற சத்தம். குமுதவல்லி ஓங்கி ஒரு அடி அடிச்சா.

பூசணம் தூள்தூளா வெடிச்சு வீடு முழுக்கப் பறந்துச்சு. தொட்டில்ல குழந்தைக்கு மூச்சு நின்னுபோச்சு. மானத்தைத் தூக்கிப் போட்டுட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு, கதவைத் திறந்து தெருவுக்கு ஓடுனா. வெளிக்காத்து பட்டதும் குழந்தை வீல்னு கத்துச்சு. கத்த மூச்சு வேணும்ல. அவ சேத்துலயே உக்காந்துட்டா.

நாத்தனார் நாச்சியம்மா அவ தூள் அப்பிக் கறுத்த முகத்தைப் பாத்தா, உள்ள எட்டிச் சுவரைப் பாத்தா. "அடிப்பாவி, இதை மறைக்கவா இந்தப் பாடு? எங்க வீட்லயும் கட்டிலுக்குப் பின்னாடி இருக்குடி."

ரெண்டு பேரும் மூக்கைக் கட்டிக்கிட்டு, ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால துடைச்சாங்க. துணிய எரிச்சாங்க. சொக்கநாதன் மழையிலயே ஏறி ஓட்டை மாத்துனான். ஆனா காத்துல போன தூளை யாரு கூட்டிச் சேக்குறது? உடம்பு உதிர்ந்ததுல வாயும் போச்சு. இப்ப அது கேக்காமத்தான் வருது, நாத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம்.

அன்னையில இருந்துதான், பத்தாயமோ பீரோவோ எதுவானாலும், சுவரோட ஒட்டாம ஒரு கை நுழையுற இடம் விட்டுப் போடுறாங்க.