ராஜா வைத்த ரசம்

கிட்ட வந்து உட்காருங்கள், பின்வரிசைக்காரர்களுக்கும் கேட்க வேண்டும். சிரிப்பு வந்தால் அடக்காமல் சிரித்துவிடுங்கள். இந்தக் கதையில் அதற்குத் தண்டனை கிடையாது.

யானைகள் ஆற்றில் குளித்துவிட்டு ராஜவீதி வழியாகவே லாயத்துக்குத் திரும்பிய அந்தக் காலத்தில், தேனாற்று நாடு என்று ஒரு நாடு இருந்ததாம். அதற்கு ஒரு ராஜா. பேர் கொற்றவேலன். நல்ல உயரம், நல்ல மீசை, நல்ல மனசு. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு அவன் மேலேயே நம்பிக்கை இல்லை.

மீசை அரும்பாத வயசிலேயே அவனுக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். முதல் நாள் சபையில், பட்டத்து யானைக்குப் போட வேண்டிய மாலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய், பக்கத்து நாட்டுத் தூதுவர் கழுத்தில் போட்டுவிட்டான். பாவம், மனிதர் மாலைக்குள் காணாமல் போனார். சபையே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு ராஜாவின் காதுக்குள் போய் உட்கார்ந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து மூன்று பேரைக் கேட்காமல் அவன் ஒரு காரியம் செய்ததில்லை. மந்திரி ஒருவர், சோதிடர் ஒருவர், வைத்தியர் ஒருவர். எழுந்ததும் மந்திரியைக் கேட்பான்: "இன்றைக்கு எந்த வேட்டி கட்டலாம்?" குளித்ததும் சோதிடரைக் கேட்பான்: "இன்றைக்கு வெளியே போகலாமா?" இலை முன்னால் உட்கார்ந்ததும் வைத்தியரைக் கேட்பான்: "எனக்குப் பசிக்கிறதா?" வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "பசிக்கிறது மன்னா" என்பார். அதற்கப்புறம்தான் சோற்றில் கை வைப்பான். அட, நிஜமாகத்தான் சொல்கிறேன்!

அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு ராஜா தினமும் வந்து கேட்டால் பதில் சொல்லாமல் யாரால் இருக்க முடியும்? சொல்லிச் சொல்லி அவர்களுக்கும் அது பழகிப் போயிற்று.

ராஜாவுக்கு ஒரு ராணி. பேர் அல்லியங்கோதை. கொன்றையடி என்ற ஊரின் தலைவருடைய மகள். வாய் நிறையப் பேச்சு, வீடு நிறையச் சிரிப்பு. ஒரு நாள் சாயங்காலம், நந்தவனத்து ஊஞ்சலில் ஆடிக்கொண்டே அவள் சும்மா கேட்டாள்.

"ஏங்க, என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

ராஜா வாயைத் திறந்தான். மூடினான். கழுத்தைத் திருப்பிப் பின்னால் நின்ற மந்திரியைப் பார்த்தான். மந்திரி சோதிடரைப் பார்த்தார். சோதிடர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் நேரே வந்து ராஜாவின் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார்!

ஊஞ்சல் நின்றது. "நல்லாப் பாருங்க வைத்தியரே" என்றாள் ராணி. "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். ராஜா தனியா, தானா வந்து கூப்பிட்டா வருவேன். உங்க மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வந்தார்னா, கதவைத் திறக்கவே மாட்டேன்."

வண்டி கட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அரண்மனை வெறிச்சென்று ஆகிவிட்டது. ஓலை அனுப்பலாம் என்றார் மந்திரி. வளர்பிறை வரட்டும் என்றார் சோதிடர். வைத்தியர் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். ராஜா கஷாயத்தை வாயருகே கொண்டுபோனான். நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது நோய் இல்லை என்று அவனுக்குப் பட்டது. 'அவ இல்லாம எனக்கு ஏக்கமாப் போச்சு. அவ்வளவுதான்.' யாரையும் கேட்காமல் அவனுக்குத் தெரிந்த முதல் சங்கதி அதுதான். கஷாயத்தைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, சாதாரண வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, புழக்கடை வழியாக நழுவினான்.

கிளம்பியது சரி. ஊர் எல்லை தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. கேட்பதற்கு ஒரு மனுஷர் இல்லை. ஓர் ஆடு நின்றது. ராஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போகட்டும்?" என்று ஆட்டைக் கேட்டான். அது தழையை மென்றுகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தது. சரி போ என்று இடது பக்கம் நடந்தான். பாதை ஒரு சோளக்கொல்லையில் போய் முடிந்துவிட்டது!

அவன் நெஞ்சு திக்கென்றது. ஆனால் என்ன ஆகிவிட்டது? வந்த வழியே திரும்பினான், வலது பக்கம் நடந்தான். தலையா போயிற்று? போகவில்லை. போதாததற்கு, கொல்லைக்காரர் கொடுத்த இளஞ்சோளக் கதிர் ஒன்று கையில் மிச்சம். அதைச் சுட்டுத் தின்றபோது, இது நன்றாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. ஓடையில் கால் வைத்தான். குளிர்ச்சி சுகமாக இருக்கிறது என்று தெரிந்தது. புளியமர நிழலில் சாய்ந்தான். தூக்கம் வருகிறது என்று தெரிந்தது. 'அடடா, எனக்கு இவ்வளவு தெரியுமா!' என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சீட்டி அடித்துக்கொண்டே கொன்றையடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

வாசலில் மாமியார் செங்கமலம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாப்பிள்ளை, தனியாவா வந்தீங்க?" என்று எட்டி எட்டித் தெருவைப் பார்த்தாள்.

"தனியாத்தான் அத்தை. அவளைக் கூட்டிட்டுப் போகணும்."

"தாராளமா. ஆனா எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கே!"

அந்த ஊர் வழக்கம் இது. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அழைத்துப்போக வருகிற மாப்பிள்ளை, ராஜாவோ கூஜாவோ, தன் கையால் சோறு வடித்து ரசம் வைக்க வேண்டும். ஊர் கூடியிருக்க அவனே ருசி பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அவள் ருசி பார்ப்பாள். அவன் சொன்னதும் அவள் நாக்கு சொன்னதும் ஒத்துப்போனால் அன்றைக்கே கிளம்புவாள். ஒத்துப்போகாவிட்டால், அடுத்த அறுவடை முடியும்வரை அவள் இங்கே, அவன் அங்கே.

அடுத்த அறுவடையா! இப்போதுதான் நாற்றே நட்டிருந்தார்கள். ராஜா ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனான்.

சோற்றை வடித்து இறக்கினான். புளி கரைத்தான். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டான். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. ரசம் நுரை கட்டி வருகிற நேரம் பார்த்து, வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம், மாட்டு வண்டிச் சத்தம், மூச்சிரைக்கிற சத்தம். ராஜாவைத் தேடிக்கொண்டு அந்த மூன்று பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்!

ஊர் வழக்கம் தெருவிலேயே அவர்கள் காதில் விழுந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஆனால் அடுப்படிக்குச் சன்னல் இருந்ததே.

"மன்னா, உப்பு! உப்புப் போடுங்கள்!" என்றார் ஒரு சன்னலில் மந்திரி. ராஜா பழக்கதோஷத்தில் ஒரு கை அள்ளிப் போட்டான். "மன்னா, நல்ல நேரம் போகிறது, உப்பு!" என்றார் இன்னொரு சன்னலில் சோதிடர். இன்னொரு கை போட்டான். "உப்பில்லாமல் சீரணம் ஆகாது மன்னா!" என்றார் மூன்றாவது சன்னலில் வைத்தியர். அவர் சொல்லுக்கும் ஒரு கை போட்டான். மூன்று பேர் சொல்லையும் தட்டாத ராஜா அல்லவா!

"யாருய்யா அது என் மாப்பிள்ளைக்குப் பக்குவம் சொல்றது?" என்று செங்கமலம் அகப்பையோடு ஓடிவந்தாள். மூன்று பேரும் தெறித்து ஓடினார்கள். ஓடும்போதும் மந்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எப்படி இருந்தாலும் அமிர்தம் என்று சொல்லுங்கள் மன்னா! ராஜாவுக்குக் கௌரவம் முக்கியம்!"

முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. இலை போட்டாயிற்று. எதிரே அல்லியங்கோதை, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவளுக்கும் படபடப்புதான். அவளுக்கு மட்டும் வீட்டுக்குப் போக ஆசை இல்லையா?

ராஜா ஒரு கரண்டி ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினான்.

ஐயோ சாமி! நாக்கு சுருண்டுகொண்டது. காதுவரைக்கும் உப்பு ஏறியது. ஊரே அவன் வாயைப் பார்த்தது. மந்திரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அமிர்தம், அமிர்தம்" என்று உதட்டை அசைத்தார். உண்மையைச் சொன்னால் இத்தனை பேரும் சிரிப்பார்கள். காதுக்குள் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய சபைச் சிரிப்பு மறுபடி கேட்டது. ஒரு கணம் கழுத்து, வழக்கம்போல, வேலிப் பக்கம் திரும்பப் போயிற்று.

திரும்பவில்லை. 'நாக்கு என்னுது. கரிக்கிறது எனக்கு. இதை மந்திரி எப்படிச் சொல்வார்?' என்று நினைத்தான். நிமிர்ந்து நின்றான்.

"ஒரே உப்பு!" என்றான் உரக்க. "கரிகரின்னு கரிக்குது. மாடுகூடக் குடிக்காது. வச்சது நான்தான்."

முற்றமே வெடித்துச் சிரித்தது. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். இந்த முறை வலிக்கக் காணோம். அவனுக்கும் அடிவயிற்றிலிருந்து என்னவோ பொங்கி வந்தது. வைத்தியரைக் கேட்காமலே அது சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

அல்லியங்கோதை ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று. "ஆமா, கரிக்குது!" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, என் மூட்டையை எடுத்து வை!"

"இரு, இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றான் ராஜா. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நீ சத்தமாச் சிரிக்கிறது பிடிச்சிருக்கு. நீ ஊஞ்சல்ல காலை ஆட்டுறது பிடிச்சிருக்கு. என்மேல கோவிச்சுக்கிட்டுப் போனியே, அதுகூட இப்ப பிடிச்சிருக்கு."

"போதும் போதும், ஊர் பார்க்குது" என்றாள் அவள். கன்னம் மட்டும் சிவந்து கிடந்தது.

மூட்டை வந்தது. ராஜா கிளம்பவில்லை. "இந்த ரசத்தை இப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்று மறுபடி அடுப்படிக்குள் போனான். பருப்புத் தண்ணீர் விட்டான், ருசி பார்த்தான், போதாது என்று தலையாட்டினான். இன்னும் புளி கரைத்து விட்டான், ருசி பார்த்தான், தலையாட்டினான். சட்டி போதாமல் அண்டா வந்தது. உப்பு மட்டுப்பட்டு வருவதற்குள் ரசம் ஊருக்கே காணும்படி பெருகிவிட்டது. தெருவையடைத்து இலை போட்டார்கள். ராஜா கரண்டியும் கையுமாகப் பரிமாறினான். வேலியோரம் நின்ற மூன்று பேரையும் அவனே கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"ரசம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

மந்திரி சோதிடரைப் பார்த்தார். சோதிடர் வைத்தியரைப் பார்த்தார்.

"அவரை ஏங்க பார்க்கிறீங்க? உங்க இலையிலதானே இருக்கு, தின்னு பாருங்க!" என்றான் ராஜா.

மூன்று பேரும் குனிந்து தின்று பார்த்தார்கள். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை, இலை காலியாகும்வரை. மறு ரசம் மட்டும் கேட்டு வாங்கினார்கள்.

பெரியவர்களே, பிள்ளைகளே, இதுதான் நீதி: தப்பாகப் போனாலும் சரி என்று தன் மனசை நம்பி நடக்கிறவனுக்குத்தான், அன்றாடச் சோற்றிலும் சிரிப்பிலும் உள்ள சந்தோஷம் கிடைக்கும்.