நேற்றைய இலை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் தப்பாகச் சொல்லி, அதை நம்பி இன்னொருத்தியின் கொட்டகையும் கெட்டுப்போனால்?

ஆனாலும் சொல்கிறேன்.

நான் காளான் வளர்க்கிறேன். வைக்கோலை வேகவைத்து, பையில் அடைத்து, காளான் விதை தூவி, கொட்டகைக்குள் தொங்கவிட வேண்டும். காளான் பறித்து முடித்ததும் பழைய வைக்கோலைக் குப்பையில் கொட்டிவிடுவோம்.

எதையும் வீணாக்கக் கூடாது, திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய வைக்கோலைப் புதியதோடு கலந்து பைகளில் அடைத்தேன்.

எல்லாப் பையிலும் பச்சைப் பூசணம்.

ஆற்றங்கரை மடத்துக்கு ஓடினேன். அங்கே இருக்கும் செங்கமலம் என்னைவிட இளையவர். என்றாலும் எனக்கு அவர்தான் குரு. நான் போனபோது சாப்பிட்டு முடித்திருந்தார்.

"வீணாக்காதேன்னாங்க, தாயி. நானும் வீணாக்கலை. எல்லாம் போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆனா கொட்டகையைப் பிரிச்சுட்டுக் கூலிக்குத்தான் போகணும்."

"சாப்பிட்டியா?"

"அதுக்கு மனசு எங்கே இருக்கு?"

"உட்காரு."

தான் சாப்பிட்ட வாழையிலையை என் முன்னால் நகர்த்தி, அதிலேயே சோறு வைத்தார்.

கையை இழுத்துக்கொண்டேன். "எச்சில் இலைங்க, தாயி."

"கிழியாத இலை. வீணாக்கலாமா?"

இலையை மெல்லத் தள்ளி வைத்தேன்.

அவர் சிரித்தார். சோற்றோடு இலையை எடுத்துப்போய், வெளியே கட்டியிருந்த மாட்டின் முன் போட்டார். திரும்பி வந்து ஒரு சொம்பு மோர் நீட்டினார்.

"இது என்னங்க?"

"நேத்து இலை. குடி."

பாதி குடித்தேன். சொம்பைக் கீழே வைத்தேன்.

"என் வைக்கோலை மாடு தொடாதே, தாயி."

"மாடுதான் திங்கணும்னு யார் சொன்னது? யார் ஆசையாத் திங்கிறாங்கன்னு போய்ப் பாரு."

"அப்புறம் அது கொட்டகைக்குத் திரும்பி வராதா?"

"வரும். வைக்கோலா வரும்."

வீட்டுக்கு வந்து குப்பைமேட்டைக் கிளறினேன். அடியில் மண்புழுக்கள் நெளிந்தன.

கொட்டகைக்கு எட்டத்தில், அங்கிருந்து காற்று கொட்டகைப் பக்கம் அடிக்காத மூலையில் குழி வெட்டினேன். பழைய வைக்கோல் புழுக்களுக்குப் போகிறது. அவை தரும் எரு பக்கத்து வயலுக்குப் போகிறது. அந்த வயலின் வைக்கோல் எனக்கு வருகிறது.

குழியிலிருந்து பூசணம் என்னோடு ஒட்டி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. குழிக்கு ஒரு சோடிச் செருப்பு, கொட்டகைக்கு வேறு சோடி. காலையில் முதல் வேலை கொட்டகையில். குழியைத் தொட்டால், குளிக்காமல் உள்ளே போவதில்லை.

அப்படியும் வாசலில் நின்று ஒருமுறை காலைப் பார்த்துக்கொள்கிறேன்.