கரடி மேஸ்திரியும் காலி இலைகளும்

குளக்கரையைப் பலப்படுத்தும் வேலையில் மூன்று விலங்குகள் இறங்கியிருந்தன. முள்ளம்பன்றி மண் தோண்டியது. காட்டெருமை அதைச் சுமந்து வந்து கொட்டி மிதித்தது. நீர்நாய் தண்ணீருக்குள் மூழ்கி, கரையில் இருந்த ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தது. கரடிதான் மேஸ்திரி.

மழைக்கு இன்னும் எட்டு நாள்தான். அதற்குள் வேலை முடியாவிட்டால் கரை உடைந்துவிடும். கோடையில் காட்டுக்கே குடிக்கத் தண்ணீர் இருக்காது.

முதல் நாள் மத்தியானம் நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

"என்ன தின்றாய்?" என்று கேட்டது கரடி.

"நண்டு, அண்ணே. இன்றைக்கு ஒன்று கூடிவிட்டது. ஒன்பது."

அரை நாள் வேலை கெட்டதில் கரடிக்குக் கவலை வந்தது. அருகில் மேய்ந்துகொண்டிருந்த முயல் காதை நிமிர்த்தியது.

"மேஸ்திரி, நான் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நோயில் படுத்ததில்லை. நான் தின்பதையே இவர்களும் தின்னட்டும். சாப்பாட்டுப் பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

கரடிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு தேக்கிலைப் பொட்டலம் வந்தது. உள்ளே அறுகம்புல், வல்லாரை, பொன்னாங்கண்ணி. எல்லோருக்கும் ஒரே அளவு. வேலை முடியும்வரை வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கரடி உத்தரவு போட்டது.

நீர்நாய் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தது. முள்ளம்பன்றி, "இதில் ஒரு கிழங்குகூட இல்லையே" என்று முணுமுணுத்தது. இருவரும் தங்கள் பொட்டலங்களைக் காட்டெருமைப் பக்கம் தள்ளினார்கள்.

"மூன்றும் சேர்ந்தால்கூட எனக்கு ஒரு வாய்க்குக் காணாது" என்றபடி காட்டெருமை அவற்றையும் தின்றது.

சாயங்காலம் முயல் மூன்று இலைகளையும் தூக்கிக் காட்டியது. "பாருங்கள் மேஸ்திரி, ஒரு தழைகூட மிச்சமில்லை. எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்!"

கரடிக்கு மகிழ்ச்சி. ஆனால் மறுநாள் கரையில் புதிதாக இரண்டு இடங்களில் தண்ணீர் கசிந்தது. அதற்கடுத்த நாள் ஐந்து இடங்களில். முள்ளம்பன்றி குழிக்குள் இறங்கியும் மண் எடுக்காமல் நின்றது. காட்டெருமையின் மிதியில் பலமில்லை. நீர்நாய் ஓர் ஓட்டையை அடைத்துவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கியது.

கரடிக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். பிறகு ஏன் இப்படி? மண் சரியில்லையோ?" என்று தலையைச் சொறிந்தது. வேறு இடத்தில் மண் தோண்டச் சொன்னது. கசிவு கூடியது.

"இன்னும் ஒரு பிடி வல்லாரை சேர்க்கிறேன். சரியாகிவிடும்" என்றது முயல்.

எட்டாம் நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரடி தானே தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தது. அடுத்த நொடி அலறிக்கொண்டு வெளியே வந்தது. மூக்கில் ஒரு நண்டு தொங்கியது.

"கரை முழுக்க நண்டு வளை! இவ்வளவு நண்டும் எங்கிருந்து வந்தது?"

"எங்கிருந்தும் வரவில்லை, அண்ணே" என்றது நீர்நாய், சோர்வாக. "முன்பெல்லாம் என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போது கரைக்குள்ளேயே இருந்து வளை தோண்டுகிறது."

"அப்படியென்றால் இத்தனை நாளும் நீ என்ன சாப்பிட்டாய்?"

"ஒன்றுமில்லை."

"இலை காலியாக இருந்ததே?"

காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டது. "அது நான்தான், மேஸ்திரி. அப்படியும் எனக்குப் பசிதான்."

கரடி முயலைப் பார்த்தது. முயல் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தது.

"போங்கள். அவரவருக்குப் பிடித்ததை வயிறாரத் தின்றுவிட்டு வாருங்கள்" என்றது கரடி.

காட்டெருமை புல்வெளிக்கு ஓடியது. முள்ளம்பன்றி கிழங்கைத் தேடிப் போனது. நீர்நாய் குளத்தில் பாய்ந்தது. ஒவ்வொரு நண்டாக வளையிலிருந்து இழுத்துத் தின்றது. தின்ற கையோடு அந்த வளையையும் அடைத்தது. மிச்ச நண்டுகள் பயந்து எதிர்க்கரைப் பாறைகளுக்கு ஓடின.

"எட்டோடு நிறுத்திக்கொள், அக்கா" என்று கரையிலிருந்து மெல்லச் சொன்னது முயல்.

கடைசி வளையை அடைத்தபோது முதல் துளி விழுந்தது. இரவெல்லாம் மழை கொட்டியது. குளம் நிரம்பியது, கரை நின்றது.

உழைப்பவரின் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர், காலியான இலையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், உண்ண வேண்டியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.