பெட்டிக்குள்ள பூட்டி வச்ச ஓலை

பொய்யாவது புளுகாவது! பூட்டி வச்ச ரகசியம்தான் திருடனைப் புடிச்சுக் குடுத்துச்சு. நம்பலேன்னா போ கற்பகம், ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரி.

பூவனூருக்கும் கல்லாத்தூருக்கும் நடுவுல ஒரே ஒரு ஆறு. ரெண்டு ராசாவுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. கல்லாத்தூர்க் கல்யாணப் பந்தியில பூவனூர் ராசாவுக்கு அப்பளம் போட மறந்துட்டாங்களாம். நான் மட்டும் என்ன யோக்கியமா? ஒரு வடைக்காக என் ஓர்ப்படியோட நாலு வருசம் பேசாம இருந்தவ. வடையும் ஊசிப்போன வடை. சரி, அதை விடு.

பூவனூர்ல ஒருத்தன் திருடுவான், ஆத்தைத் தாண்டிடுவான். அந்தக் கரையில அவன் பெரிய மனுசன்.

பூவனூர்க் காவல் அதிகாரி ஆண்டியப்பர். கெட்டிக்காரர், அப்படின்னு அவரே சொல்லிக்குவாரு. ஒருநாள் திருடனைத் துரத்திக்கிட்டுக் கரைக்கு ஓடினவரு, அங்க வேட்டி நனைஞ்சு நின்னவனைப் புடிச்சு உள்ள போட்டுட்டாரு. பாத்தா, படகோட்டி மாயாண்டி!

"ஏன் சாமி, படகோட்டி நனையாம இருப்பானா?"ன்னான் அவன்.

ஆண்டியப்பருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. 'அடேய் ஆண்டியப்பா, உனக்குத் தலைப்பாகை எதுக்குடா, உள்ளதான் ஒண்ணுமில்லையே'ன்னு தன்னையே திட்டிக்கிட்டாரு. ஆனா ராசா அதுக்குள்ள சொல்லிட்டாரு: "ஏழு நாள்ல வேற திருடன் வரலேன்னா இவன் கையை வெட்டு."

"கல்லாத்தூர்ல ஒரு வார்த்தை கேட்டா..."

"அப்பளம் போடாதவன்கிட்டயா? நம்ம ஆளோ ஓலையோ ஆத்தைத் தாண்டுச்சு, உன் தலை இருக்காது!"

மூணு நாள் தலையைப் பிச்சுக்கிட்டாரு. நாலாம் நாள் வெத்தலை போடும்போது பளிச்சுனு பட்டுச்சு. அந்த வெத்தலையை மடிச்சுத் தர்ற சிங்காரம் இருக்கானே, அவன் கல்லாத்தூர் ஒற்றன். ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியாதுன்னு அவனுக்கு மட்டும் நெனப்பு.

திருடன் நீந்திப் போனதைப் பாத்த மாயாண்டி சொன்ன அடையாளத்தை வச்சு ஆண்டியப்பர் ஓலை எழுதினாரு: 'பரம ரகசியம். திருடனுக்கு இடது கையில ஆறு விரல், பாதிக் காது இல்ல. கல்லாத்தூர்க்காரனுக்குத் தெரியவே கூடாது.' பெட்டியில வச்சு மூணு பூட்டுப் போட்டாரு. சாவியை வெத்தலைத் தட்டு பக்கத்துல வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டாரு. வந்து பாத்தா ஓலை தலைகீழா கெடக்கு. அதுக்கப்புறம்தான் நிம்மதியா சாப்பிட்டாரு.

ஆறாம் நாள், கல்லாத்தூர்ல இருக்கிற நம்ம ஒற்றன் மூச்சு வாங்க ஓடியாந்தான். "ஐயா! அந்த ஊர்க் காவல் அதிகாரி பெட்டியிலேர்ந்து ஒரு ஓலை திருடினேன்! மூணு பூட்டு! சாவி அங்கயே இருந்துச்சு!"

அந்த ஓலையில: 'பரம ரகசியம். ஆறு விரல்காரன் எங்க ஊர்ல மாட்டுத் தரகனா இருக்கான். நாளைக்குப் படகுல பூவனூர்ச் சந்தைக்கு வர்றான். பூவனூர்க்காரனுக்குத் தெரியவே கூடாது.'

பாத்தியா? அந்தக் கரையிலயும் ஒரு ஆண்டியப்பர் அவர் ராசாகிட்ட மாட்டிக்கிட்டுத்தான் முழிச்சிருக்காரு!

ஏழாம் நாள் காலையில படகு கரை தட்டினதும் திருடன் கையைப் புடிச்சு விரலை எண்ணினாரு. ஒருதடவை மாட்டினவரு பாரு, ரெண்டு தடவை எண்ணினாரு. ஆறு! மாயாண்டி வெளிய வந்தான். "இனிமே நான் காய்ஞ்சுதான் நிக்கணுமா சாமி?"ன்னு கேட்டுட்டுத்தான் படகை எடுத்தான்.

ராசா மொறைச்சாரு. "கல்லாத்தூர்க்காரன்கிட்ட சொன்னியா?"

"இல்லீங்க ராசா. ஒளிச்சுத்தான் வச்சேன்."

விசயத்தைக் கேட்டு ராசா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கழுத்து மாலையைக் கழட்டி ஆண்டியப்பருக்குப் போட்டாரு. அப்புறம் திடீர்னு பயம் வந்துடுச்சு.

"யோவ், அப்போ அவனுக்குத் தெரியாத நம்ம சங்கதி ஒண்ணுகூட இல்லையா?"

"இருக்குங்க ராசா. ஊரறிய நாம தண்டோரா போட்டதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. அதை எந்த ஒற்றனும் திருடறதில்ல!"

ஐயையோ, தூறுது! ஏ மருமவளே பூங்காவனம், மாடியில மெத்தை காயுது, உள்ள தூக்கிட்டு வாடி!